கியர்பாக்ஸ் கெட்ட கோடை

நார்வேக்குப் போவதாக இருந்தோம்.
கூடாரம், ஸ்டவ், ரெய்யோவின் தூண்டில்கள்
எல்லாம் ஏற்றியாயிற்று.
பெட்ரோல் பங்க் வரைகூடப் போகவில்லை,
தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல்
கியர்பாக்ஸ் ஒரு சத்தம் போட்டு
பயணத்தை முடித்துவைத்தது.

உதிரிபாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டுமாம்.
மூன்று வாரம் என்றான் மெக்கானிக்.
தபால் நிலையத்தில் எனக்கு மிச்சமிருந்த விடுப்பும்
சொல்லிவைத்தாற்போல் மூன்று வாரம்.

முதல் நாள்
முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.
இரண்டாம் நாள்
கூடாரத்தை வீட்டுக்குப் பின்னால் அடித்தான்.
எட்டிப்பார்த்து
நார்வே எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
கொசு அதிகம் என்றான்.

அதற்குப் பிறகு அவன்
ருபார்ப் தண்டுகளை வெட்டிக் காய்ச்சி
புட்டிகளில் ஊற்றத் தொடங்கினான்.
புட்டிக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு பெயர்:
‘செவ்வாய், புளிப்பு.’
‘புதன், அதைவிட.’
‘ஸூல்விக்குக் கொடுக்கலாம்.’
பக்கத்து வீட்டு ஸூல்வி
அந்தச் சீட்டைக் கிழிக்காமல்
தன் ஜன்னலில் வைத்திருக்கிறாள்.
பதிலுக்கு ஒரு கட்டு முள்ளங்கி வந்தது,
மண்ணும் ஒரு புழுவுமாக.

எனக்கு அலமாரியின் அடியில்
இரண்டு பொடி டப்பாக்கள் கிடைத்தன.
ஆறு வருடம் முன் ஆசைப்பட்டு வாங்கி
மூடிகூடத் திறக்காத நீல அச்சு மருந்து.
கரைத்துத் துணியில் பூசி
மேலே இலையோ சாவியோ வைத்து
வெயிலில் காட்டவேண்டும்.
நிழல் இருந்த இடம் வெள்ளை,
மற்றதெல்லாம் நீலம்.
பூசுவதற்கு மட்டும் இருட்டு வேண்டும்.

ஜூனில் கெமியார்வியில்
இருட்டு கடனாகக்கூடக் கிடைக்காது.
சூரியன் ஏரியின் விளிம்புவரை இறங்கி
எதையோ மறந்துவைத்தவன்போல்
திரும்பவும் ஏறிவிடும்.

சவுனா அறையின் காற்றுத்துளையில்
துண்டை அடைத்தேன்.
சைக்கிளின் சிவப்பு விளக்கை ஆணியில் மாட்டி
போன சனிக்கிழமையின் பிர்ச் வாசனைக்குள்
குந்தி உட்கார்ந்து பூசினேன்.
மூக்கு அரித்தது. சொறிந்தேன்.
மூன்று நாள் மூக்கு நீலம்.

முதல் துணி பாழ்.
இரண்டாவதில் சோம்புக்கீரையின் பூக்குடை,
ஒவ்வொரு மயிரிழையும் தனித்தனியே.
பிறகு பெர்ச் மீனின் முதுகெலும்பு,
தேநீர் வடிகட்டி,
எங்கும் போகாத காரின் சாவி.
வாளித் தண்ணீரில் துணியை அமிழ்த்தும்போது
பச்சை கழன்று
நீலம் மெல்ல எழும் அந்த அரை நிமிடம்
மூச்சு விட மறந்துபோகிறது.
இத்தனை வயதில் இப்படி ஒரு பைத்தியம்
என்று சொல்லிக்கொண்டே
அடுத்த தலையணை உறையைத் தேடினேன்.

உறைகள் தீர்ந்தன. விரிப்பு ஒன்று இருந்தது.
‘படு’ என்றேன் ரெய்யோவிடம்.
நள்ளிரவு பன்னிரண்டரை.
நடுப்பகலில் எட்டு நிமிடம் போதும்,
இந்தச் சாய்ந்த வெயிலுக்கு
இரண்டு மணி நேரமாவது ஆகும்.
ஆனால் காற்றே இல்லை,
எனக்குத் தூக்கமும் இல்லை.
கால்சட்டையோடு மல்லாந்து படுத்தான்.
‘அசையாதே.’
‘மூச்சு?’
‘கொஞ்சமாக.’

பக்கத்தில் முக்காலி போட்டு
முள்ளங்கி கடித்தபடி காவல் இருந்தேன்.
ஏரிக்கு அப்பால் ஒரு குயில்
எண்ணிக்கை தவறியதுபோல் நிறுத்தி நிறுத்திக் கூவியது.
கொசுக்கள் வந்தன.
ஒன்று, பொறுத்தான். ஐந்து, பொறுத்தான்.
அப்புறம் வலது கை
தன்பாட்டுக்குக் கழுத்தை அறைந்தது,
காதை, நெற்றியை, மறுபடி காதை.
எனக்கு வந்த சிரிப்பில்
முக்காலி கவிழ்ந்தது.

அலசி, வேலிமேல் போட்டோம்.
நீலத்தின் நடுவே ஒரு வெள்ளை மனிதன்:
அகன்ற பாதங்கள், தொப்பை,
ஒழுங்காக ஒட்டிய இடது கை.
வலது கை இருக்கவேண்டிய இடத்தில்
வெளிறிய நீலத்தில் ஒரு விசிறல்,
இறக்கை என்றும் சொல்லலாம்.
‘இது நான் இல்லை’ என்றான்,
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு.

இன்று மெக்கானிக் அழைத்தான்.
உதிரிபாகம் முன்கூட்டியே வந்துவிட்டதாம்.
ரெய்யோ ஒரு கையில் புனலும்
மறு கையில் புட்டியுமாக நின்றான்.
நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஈரத்துணியைப் பிழிந்தபடி
இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கிறது,
நாங்கள் ஊரில் இல்லை என்றேன்.